பனிமலைக்குப் போன செயலாளர்

"தர்பூசணியை இப்படிச் சர்ருனு உறிஞ்சாதீங்க. பனிமலையில இருக்கிறவர் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டா என்ன நினைப்பாங்க?"

மனைவி கிசுகிசுத்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். விதை ஒன்று தொண்டைக்குள் இறங்கியது. இருமவும் வழியில்லை.

வெளிநாட்டுப் பனிமலைக்குப் போவதாக லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டி, தனக்குத் தானே வழியனுப்பு விழா வைத்து, கொளுத்தும் கோடையில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் முழங்கியவர் அவர். விழா முடிந்த மறுநாள், தூதரகத்தில் விசா இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அப்புறம் அந்த லிஃப்டில் எந்த முகத்தோடு ஏறுவது? ஆகவே, பெட்டியோடு எல்லோருக்கும் கையசைத்துவிட்டு டாக்ஸி ஏறியவர், ஆளெல்லாம் உறங்கும் உச்சிவெயிலில் மனைவியோடு பின்படி வழியாகத் திரும்பிவந்து பதுங்கிவிட்டார்.

ஃபேன் சத்தம் காட்டிக்கொடுக்கும், ஃபிரிட்ஜ் ஓடினால் மீட்டர் சுற்றும் என்று மெயின் ஸ்விட்சையே அணைத்தார்.

"அடுக்களைப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. நீங்க பாத்திரத்தை உருட்டினா பனிமலையே சரிஞ்சிடும்" என்று மனைவி ஒரு சட்டம் போட்டாள். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டே பழகியவர், முதல்முறையாக ஒன்றுக்குக் கட்டுப்பட்டார்.

முதல் இரண்டு நாள் நரகம். திரையிடுக்கில் எட்டிப் பார்த்தால், அவர் கட்டிக்காத்த விதிகளெல்லாம் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

"அங்க பாரு! மாடிக் கைப்பிடியில போர்வை காயப்போட்டிருக்காங்க! தோட்டத்துக் குழாயில பிள்ளைங்க ஆட்டம் போடுதுங்க! யாரைக் கேட்டு..."

"கத்துங்களேன். பனிமலையிலிருந்து இவ்வளவு தெளிவா கேட்குதேன்னு அசந்து போவாங்க."

மூன்றாம் நாள் அவள் ஜன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டாள். அனல் காற்று அதற்குள் புகுந்து, திருந்திய பிள்ளைபோல் குளுகுளுவென்று வந்தது. இருவரும் ஒரே வாளித் தண்ணீரில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாலையில் திடீரென்று ஒரு கோடைமழை. கீழே கூத்தடித்த பிள்ளைகளில் யார் முதலில் வழுக்கி விழுவார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். சிவப்புச் சட்டைக்காரன் விழுந்தான். செயலாளர் தலையணையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மதியம் தவறாமல் தட்டில் தர்பூசணி வந்தது. பல் கூசியது.

"நிஜப் பனிமலையில கூட இப்படிக் குளிராதுடி."

"கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க என்கிட்ட இவ்வளவு பேசினது இப்பதான்" என்றாள் அவள். "அதுவும் மெதுவா."

பயணத்தின் கடைசி நாள் வந்தது. செயலாளர் பெட்டியைத் துடைத்து வைத்தார்.

"நாளைக்கு நாம திரும்பி வந்தாகணும். வந்ததும் மீட்டிங். போர்வை, குழாய், எல்லாத்துக்கும் நோட்டீஸ் ஒட்டணும்" என்றார். சொல்லும்போதே குரல் சுரத்தில்லாமல் இருந்தது. மனைவி குளிக்கப் போனாள்.

தாகம் எடுத்தது. பூனை மாதிரி அடியெடுத்து வைத்து, சட்டத்தை மீறி அடுக்களைக்குள் நுழைந்தார். டொக், டொக். ஜன்னல் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னல், கைக்கெட்டும் தூரம். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். பாதி திறந்திருந்த கதவு வழியாக வளையல் கை ஒன்று உள்ளே வந்தது. கையில் ஒரு டப்பா. மூடியெல்லாம் பனி பூத்திருந்தது.

"அக்கா, இந்தாங்க. இன்னிக்கு எங்க ஃபிரிட்ஜ்ல கூடக் கொஞ்ச நேரம் வச்சேன். பில்டிங் மொத்தமும் உங்ககிட்ட கெஞ்சிக் கேட்கச் சொல்லுச்சு... எப்படியாவது சாரை இன்னும் ஒரு வாரம் பனிமலையிலேயே வச்சிருங்கக்கா!"

செயலாளர் சுவரோரம் நின்றபடியே கையை மட்டும் நீட்டினார். பிறகு டப்பாவை வாங்கி, ஒரு தர்பூசணித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மனைவியின் கிசுகிசுப்பிலேயே சொன்னார்:

"முயற்சி பண்றேம்மா... நாளையிலிருந்து விதையை எடுத்துட்டுக் குடு."