நீல வரிசை

மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது. மழை வரவில்லை, காற்றும் இல்லை.

நான் சாப்பாட்டு மேசையில் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தேன். கடுகைவிடச் சிறிய மணிகள். வெள்ளையில், இரண்டு விரல் அகலத்தில், ஒரு கைப்பட்டை.

பொழுதுபோக்குதான். முடித்தவற்றை நர்ஸுகளுக்குக் கொடுத்துவிடுவேன். நான் அணிவதில்லை.

எங்கள் கண் மருத்துவமனையின் ஜூனியர் டாக்டர் எதிரே அமர்ந்திருந்தாள். அவள் கொண்டுவந்த தாள் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நாளை முதல் என் கணவர் அறுவை செய்யலாமா, கூடாதா என்பதை நிர்வாகி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நிர்வாகி நான்.

சென்ற வெள்ளிக்கிழமை ஓர் அறுவையின் நடுவில் அவர் கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றிருக்கிறார். மீதியை இவள் முடித்திருக்கிறாள். நோயாளிக்குத் தீங்கில்லை. கை நடுங்கியிருக்கும் என்று அன்று மாலைக்குள் வாயிற்காவலர்வரை பேசிவிட்டார்கள். நான் அவரை விடுப்பில் வைத்தேன்.

"நாளைக்குக் காலையில ஆறு பேர் இருக்காங்க மேடம். அதுல ஒருத்தருக்குப் பார்வை இருக்கறதே ஒரு கண்ணுலதான். பெரிய டாக்டர் செஞ்சாத்தான் படுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்."

நான் ஊசியில் நூலை மாற்றினேன்.

பேச்சை வேறு பக்கம் திருப்ப நினைத்தாளோ என்னவோ, கைப்பட்டையைப் பார்த்தாள்.

"நடுநடுவுல இந்த நீலக் கோடு ரொம்ப எடுப்பா இருக்கு. நீங்களே யோசிச்சதா?"

"இல்ல," என்றேன்.

உள்ளறையிலிருந்து அவர் வந்தார். சவரம் செய்து, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார்.

"என் கையைப் பத்தித்தானே பஞ்சாயத்து? இரு, கையையே கேட்டுடலாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கிண்ணங்களில் நீலம் எது என்று பார்த்து, அதை அருகில் நகர்த்தினார்.

"நல்லா பாத்துக்கோம்மா. உங்க மேடம் இந்த எறும்பு முட்டையை வருஷக்கணக்கா கோத்துக்கிட்டிருக்காங்க. நான் விரலால தொட்டதில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை. எப்படி வருதுன்னு பாரு."

புதிதாகக் கற்பவர்கள் மணியை விரல்களால் பிடிக்கப் பார்ப்பார்கள். அவர் ஊசி முனையாலேயே பொறுக்கினார். முந்தைய வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக நுழைத்து, நூலை அளவாக இழுத்து, அடுத்ததை எடுத்தார். நூல் சிக்கவில்லை. ஒரு மணியும் சிந்தவில்லை. தலைமுடி போன்ற அந்த ஊசியின் முனை ஆடவே இல்லை.

ஜூனியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்மாடிக் கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று சற்றுநேரம் காத்திருந்தேன்.

"நீ போடுற தையலைவிட நேரா இருக்கா, இல்லையா? உண்மையைச் சொல்லு, சம்பளத்துல கைவைக்க மாட்டேன்."

"என் தையலைப் போய் இதோட சேர்க்காதீங்க சார்," என்று சிரித்தாள்.

வரிசை முடிந்தது. அவர் கைப்பட்டையை என் முன்னால் வைத்தார்.

"கையெழுத்தைப் போடு. பாவம், பொண்ணு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்?"

விசிலடித்துக்கொண்டே உள்ளே போனார்.

ஜூனியரின் கண்கள் கலங்கியிருந்தன. "அப்பாடா! கை அப்படியே இருக்கு மேடம். நான்தான் வீணா பயந்துட்டேன்."

"நேத்தும் அப்படியேதான் இருந்துச்சு," என்றேன்.

அவள் புரியாமல் சிரித்தாள்.

"முந்தாநேத்தும். திங்கக்கிழமையும். தினமும் இதே நேரத்துக்கு வந்து உக்காருவார். நீலத்தைத்தான் எடுப்பார். தினமும் அவருக்கு முதல் தடவை."

அவளுடைய சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாததுபோல் முகத்திலேயே சிறிது நேரம் நின்றது. பிறகு கைப்பட்டையை எடுத்து, நீல வரிசைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"அப்ப, அன்னிக்குத் தியேட்டர்ல..."

"அடுத்து என்ன செய்யணும்னு மறந்து போய் நின்னிருக்கார். கைக்கு ஒண்ணும் இல்ல."

உள்ளே விசில் தொடர்ந்தது.

"அந்த ஒரு கண்ணுக்காரர்?"

"நீ செய். நான் வந்து அவர்கிட்டப் பேசுறேன்."

பேனாவைத் திறந்தேன். 'அனுமதி இல்லை' என்பதைக் குறித்தேன். அதன் கீழே, காரணம் எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். நாளை காலை அந்தத் தாளை அறுவை அரங்கில் எல்லோரும் படிப்பார்கள். என்றாவது ஒருநாள் அவரும் கேட்டு வாங்கிப் படிப்பார்.

எழுதினேன். கையெழுத்திட்டுத் தேதியைப் போட்டேன். வழக்கம்போல் ஒருமுறை படித்துப் பார்த்தேன். திருத்த வேண்டியது எதுவும் இல்லை.

தாளை அவளிடம் கொடுத்தேன்.

அவள் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து அதே வரியைப் படித்தாள்.

காரணம் என்ற இடத்தில், கை நடுக்கம் என்று எழுதியிருந்தேன்.