நிகாசியா சொன்னது

மலைச்சரிவில் ஒரு படை இறங்கி வருவதை கார்ப்பரல் ரோகேதான் முதலில் பார்த்தான்.

அவன் வெறுங்காலோடு வாசலில் நின்றிருந்தான். அவனுடைய காலுறைகள் நிகாசியாவின் அடுப்புப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

மாலை நாலு மணிதான். ஆனாலும் பிப்ரவரி மூடுபனியில் வருகிறவர்களின் தொப்பி நிறம்கூடத் தெரியவில்லை.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. அங்க வர்றது யாருன்னு தெரியுதா?"

நிகாசியா கரண்டியோடு வந்து நின்றாள்.

அரசாங்கப் படை ஊருக்குள் புகுந்து இரண்டு நாளாகியிருந்தது. சிப்பாய்களை வீட்டுக்கு இத்தனை பேர் என்று பிரித்து விட்டிருந்தார்கள். அவள் வீட்டில் ரோகேயோடு சேர்த்து ஒன்பது பேர். சண்டை முடிந்த மாதிரிதான், கார்லிஸ்டுகள் எஸ்தேயா பக்கம் ஓடிவிட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, துப்பாக்கிகளைத் தொழுவத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, மொச்சை எப்போது வேகும் என்று காத்துக் கிடந்தார்கள்.

ஓடிவிட்டதாகச் சொன்ன அந்தக் கார்லிஸ்டுகள் வேறு யாருமில்லை. இந்த ஊர் ஆண்கள்தான். வேறொருவரை ராஜாவாக்குவதற்காக மூன்று வருடமாக மலையில் கிடப்பவர்கள். நிகாசியாவின் கணவன் சாத்தூர்நினோவும் அவர்களில் ஒருவன்.

ரோகேயிடம் அவள் அதைச் சொல்லவில்லை. கணவன் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

வந்த படை சாலை வழியாக வரவில்லை. சிறிய தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆட்டுப்பாதையில் வந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்த ஆள் இடது தோளைச் சற்றே தூக்கி நடந்தான். கல்யாணமான நாளிலிருந்து, பதினோரு வருடம், திராட்சைத் தோட்டத்துக்கு அந்தத் தோளுக்குப் பின்னால்தான் அவள் நடந்திருக்கிறாள்.

அவள் ரோகேயின் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள்.

ரோகே அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

தெருப் பக்கம் திரும்பிக் கத்தினான். "நம்ம ஆளுங்கதான்டா. மொச்சைய இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடணும் போலிருக்கு."

எதிர்வீட்டில் யாரோ கெட்ட வார்த்தையில் முணுமுணுத்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

முதல் குண்டு வெடித்தபோது மலையிலிருந்து வந்தவர்கள் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தார்கள்.

நிகாசியா உள்ளே போய்ப் பானையைக் கிளற ஆரம்பித்தாள். சுடும் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. அதன் பிறகு துப்பாக்கி முனைக் கத்திதான். அதற்குப் பெரிதாகச் சத்தம் இல்லை. தெருவில் ஒருவன் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கூப்பிடவில்லை.

ரோகே தொழுவத்தை நோக்கி ஓடினான். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டிவரைதான் போக முடிந்தது.

அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. மொச்சை குழைந்து அடிப்பிடிக்க ஆரம்பித்தது. பானையை இறக்க வேண்டும் என்று தெரிந்தது. கைதான் வரவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாத்தூர்நினோ உள்ளே வந்தான். ஏழு மாதம் கழித்து வருகிறான். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அது அவனுடைய ரத்தம் இல்லை.

"சோறு இருக்கா?" என்றான்.

இருந்தது. ஒன்பது பேருக்கு இருந்தது. அவனோடு வந்த நான்கு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

பக்கத்து வீட்டு லெயோகாதியா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"உன் பொண்டாட்டி என்ன பண்ணினா தெரியுமாடா? நான் மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வர்றது யாருன்னு அந்தக் கார்ப்பரல் இவகிட்டதான் கேட்டான். இவ அவன் காதுல என்னமோ ஓதினா. பாவிப்பய அத நம்பி, நம்ம ஆளுங்கதான்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினான்."

சாத்தூர்நினோ கரண்டியைக் கீழே வைத்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"நான்தான்டா முன்னால வந்தேன்" என்று மற்றவர்களிடம் சொன்னான். "அவன் மட்டும் சுதாரிச்சிருந்தா முதல் குண்டு எனக்குத்தான்."

மது நிரப்பிய தோல்பை கை மாறியது. ஒருவன் அவள் பெயரைச் சொல்லிக் குடித்தான். இதைக் கேப்டன் காதில் போட்டே ஆக வேண்டும் என்றான் இன்னொருவன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் இதைச் சொல்லாமல் விட மாட்டார் என்று லெயோகாதியா சொன்னாள்.

திறந்திருந்த கதவு வழியாகத் தெரு தெரிந்தது. ரோகேயின் உடலை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். குளிரில் அவன் பாதங்கள் வெளுத்துப் போயிருந்தன. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"என்னடி சொன்னே அவன்கிட்ட?" சாத்தூர்நினோ கேட்டான். "உன் வாயாலயே சொல்லேன். இவங்களும் கேக்கட்டும்."

"கேட்டான். பாத்துட்டுச் சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அடுத்தவனின் தட்டில் மொச்சையை ஊற்றினாள்.

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. யோசித்துச் சொன்னதும் இல்லை. வாசலில் நின்றாள், மலையைப் பார்த்தாள், வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"முன்னால வர்றவர் என் வீட்டுக்காரர். ஓடிடு தம்பி."