மானிட்டரை அணைத்தது யார்?

"யாரைக் கேட்டு அணைச்சீங்க?"

மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டிலில் அப்பா. தலைமாட்டில் மானிட்டர் இருண்டு கிடந்தது.

"டாக்டருக்குத் தெரியும்மா. இனிமே வலியில்லாம வச்சுக்கிறதுதான் வைத்தியம். அது ஓடணும்னு அவசியமில்லை," என்றாள் நர்ஸ்.

"வயசானவர்தானே, போனாப் போகட்டும்னு கை கழுவிட்டீங்க! நாங்க காலையும் சாயங்காலமும் வந்து பார்த்துட்டுப் போறோம். நீங்க கவனிக்கிற லட்சணம் இதுதானா? டாக்டர் வரட்டும், சும்மா விடமாட்டேன்."

நர்ஸ் அப்பாவின் உலர்ந்த உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றினாள்.

போனும் காதுமாக மகன் உள்ளே வந்தான். "அக்கா, அத்தை லைன்ல இருக்காங்க. ஆக்ஸிஜன் எவ்வளவாம்?"

"எதைப் பார்த்துடா சொல்றது? அதான் அணைச்சுட்டாங்களே!"

"ஐயோ, குடும்ப குரூப்ல எல்லாரும் கேப்பாங்களே!" கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தினமும் அதை அனுப்பிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"அந்தப் பொண்ணைத் திட்டாதே." அப்பாவின் குரல் காற்றாக வந்தது. "நான்தான் அணைச்சேன். இந்தப் பொண்ணு போட்டுவிடும், நான் அணைப்பேன். கடைசியில டாக்டர்கிட்டயே கேட்டு அனுமதி வாங்கிட்டேன்."

"நீங்களா?"

"மீசைக்காரர் டிவி ரிப்பேர் கடைன்னா சும்மாவா? எனக்கு சுவிட்ச் எங்கேன்னு தெரியாதா?" சிரிக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"ஓடுற பெட்டி ஒண்ணு இருந்தா, வர்றவங்க கண்ணு அங்கேதாம்மா போகும். கடையிலயும் அப்படித்தான். ரிப்பேர் பண்றவனை யாரு பார்த்தா?"

மகளுக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் இல்லப்பா. உங்களைப் பார்க்கத்தானே ஓடி ஓடி வர்றோம்!"

"சரிம்மா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்தருகே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா... உங்க மீசை எங்கே?"

மூக்கில் குழாயை ஒட்ட இடைஞ்சலாக இருந்தது என்று எடுத்திருந்தார்கள். அவர் மெதுவாக அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"எடுத்து ஒரு வாரமாச்சும்மா."