பசியில்லாதவனின் கோபம்

சண்டை எதில் ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நடக்கச் சோம்பல்பட்டு, எடை குறைய, பசியே எடுக்காமல் செய்யும் மருந்துப் பட்டையைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது.

"எனக்குச் சாப்பாடு வேணாம்!" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். எங்கள் சண்டைகள் அப்படித்தான் முடியும். சற்று நேரத்தில் என் மனைவி செண்பகம் வந்து, "கோவத்தைச் சோத்துல காட்டாதீங்க, எந்திரிங்க" என்பாள். எழுந்து போவேன். எங்களுக்குத் தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான்.

இந்த முறை அவள் வரவில்லை. பொறுக்காமல் வெளியே போனேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடவே இல்லையே?"

"உங்களுக்குத்தான் பசிக்காதே. நான் எதுக்குப் பதறணும்?"

திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

நான் இப்போது ஒல்லியாக இருக்கிறேன். செண்பகம் அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். மகள் எங்கள் இருவருக்கும் தனித்தனியாக போன் செய்கிறாள்.