பாட்டுக் கவரில் வந்த படம்

மாதா பாட்டு வரப்போகிறது என்று தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடும் அன்பிய செபத்துக்கு வந்த பெண்கள் கும்பிட்ட கையோடு காத்திருக்க, டி.வி.யில் வந்து நின்றார்கள் இரண்டு மீசைக்கார வெள்ளைக்காரர்கள். காபியில் சர்க்கரை இல்லை என்று ஒருவன் கோபித்துக்கொள்ள, மற்றவன் இடுப்பில் கைவைத்துச் சண்டைக்கு நின்றான்.

அந்த வீட்டுப் பையன் ரெஜின் அவசரமாக ரிமோட்டைத் தேடினான். அவனுடைய படம் அது. ஏதோ ஒரு காலத்துக் காமெடி. புருஷன் பெண்டாட்டியாக வாழும் இரண்டு ஆண்கள், வீட்டு ஓனர் கதவைத் தட்டும்போதெல்லாம் மாறி மாறி பீரோவுக்குள் ஒளிந்து படுகிற பாடுதான் கதை. எந்தக் கடையிலும் கிடைக்காது. பாண்டிச்சேரியிலிருந்து கைமாறிக் கைமாறி, அவனைப் போன்றவர்களுக்குள் மட்டுமே சுற்றி வருகிற டிஸ்க்.

கம்ப்யூட்டர் கிளாஸ் பைக்குள் ஒளித்து வைத்தது, வேளாங்கண்ணிப் பாட்டுக் கவருக்குள் எப்படிப் போனது என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. ரிமோட் வேறு அம்மா மடியில் கிடந்தது.

பெண்கள் முதலில் சிரித்தார்கள். "நம்ம வூட்டு ஆளுங்க மாதிரியே சண்ட போட்டுக்கினு கெடக்குதுங்க பாரு" என்றாள் பிரகாசியம்மா. சண்டை முடிந்ததும் ஒருவன் மற்றவனை இழுத்து அணைத்து, வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்தான். சிரிப்பு சட்டென்று நின்றது.

ரெஜினின் அம்மா லூர்துமேரி பதறிப்போய் டி.வி.யை அணைத்தாள். பார்வை நேரே மகனிடம் வந்தது. அந்த வீட்டுக்கு டிஸ்க் கொண்டுவருகிறவன் அவன் ஒருத்தன்தான்.

"யாரு கொண்டாந்தது இத?"

மாட்டினால் தொலைந்தான். வீட்டில் இடமிருக்காது, விடிந்தால் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க அவன் பேச்சுதான்.

"கேக்கறேன்ல. இந்தக் கண்றாவியப் போயி ஆசையா வாங்கி வச்சிக்கினு பாக்கறவன் எவன்?"

"நான்தான்."

வாசலில் நின்றிருந்தார் அப்பா இன்னாசிராஜ். மைன்ஸில் ஷிஃப்ட் முடிந்து வந்த கோலம், ஹெல்மெட்கூட இன்னும் கையில். "என்னுதுதான் அது. எனக்குப் புடிச்ச படம். அவன எதுக்கு மொறைக்கற?"

"வயசாவ வயசாவ புத்தி போவுது பாரு" என்று லூர்துமேரி தலையில் அடித்துக்கொண்டாள். பிரகாசியம்மா எப்படியோ சமாளித்து செபமாலையை ஆரம்பித்து வைத்தாள்.

ரெஜின் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனான். அப்பா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அழுக்கெல்லாம் போன பிறகும் விடாமல் தேய்த்தார். இந்த மனுஷனுக்குப் போய் இத்தனை வருஷம் பயந்து செத்தோமே என்று ரெஜினுக்கு அழுகை முட்டியது.

"அப்பா, என் விஷயம் ஒங்களுக்குத் தெரியுமா? என்னக் காப்பாத்த எதுக்குப்பா பொய் சொன்னீங்க?"

"ஒன்னையா?"

இன்னாசிராஜ் திரும்பினார். திறந்த குழாய் திறந்தபடியே ஓடியது. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, மெல்ல மெல்லப் புரிந்தது. உள்ளே செபம் நடக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாட்டுக் கவர்ல ஒளிச்சு வச்சதே நான்தான். நான் எங்கடா பொய் சொன்னேன்?"