தட்டுப்பட்டால்

மூன்றாவது டேக்கிலும் பாடகி அதே வரியில் நிறுத்திவிட்டார்.

சவுண்ட் இன்ஜினியர் பொத்தானை அழுத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் கேட்டார். "நல்லாத்தானே போச்சு. என்னாச்சும்மா?"

"இன்னொரு தடவை போயிடலாம், தம்பி."

பாட்டு ஒன்றும் கடினமில்லை. பெண்கள் தங்கள் மார்பைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் பாட்டு. கை எங்கெங்கே போகவேண்டும் என்று வரிக்கு வரி சொல்லும். எழுதிய டாக்டரம்மா இன்ஜினியரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

'சின்னதாய் ஏதும் தட்டுப்பட்டால்
சொல்லிவிடு, தள்ளிப் போடாதே.'

'தட்டுப்பட்டால்' வந்ததும் குரல் அறுந்துவிடுகிறது.

"மேடையில எல்லாம் இவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு," டாக்டரம்மா முணுமுணுத்தார். "காசில்லாம பாடறதுன்னா இப்படித்தான்."

"காசு இல்ல டாக்டர், கூச்சம். பாடவே இவ்வளவு வெட்கப்பட்டா, கேக்கறவங்க எப்படிச் செய்வாங்க?"

அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். "அம்மா, அடுத்த வாரம் வச்சுக்கலாமா?"

"வேண்டாம். இன்னிக்கு விட்டா அப்புறம் என்னால வர முடியாது."

"பாத்தீங்களா?" என்று டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

நான்காவது டேக்கில் அந்த வரி நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. பாட்டு முடிந்தது.

பாடகி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அந்த வரி கொஞ்சம் ஆடுதும்மா. அழிச்சிட்டு அத மட்டும் மறுபடி எடுத்துடலாம்."

"ஆடட்டும் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

"இதுல கூச்சப்பட என்ன இருக்கு?" டாக்டரம்மாவின் பேச்சில் சூடு இருந்தது. "நம்ம உடம்புதானே?"

பாடகி அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து வீட்ல பாடிப் பழகினேன், டாக்டர். பாட்டு சொன்ன இடமெல்லாம் கையும் கூடவே போச்சு."

அழிக்கப் போன இன்ஜினியரின் விரல் அப்படியே நின்றது.

"எந்தப் பக்கம்?" டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"எடது. வந்ததுமே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, பாட விட்டிருக்க மாட்டீங்க."