மட்டமான சவுக்காரம்

"இதுல சாயம் போகுமா, ராவுத்தரே?"

கம்பம் கடைவீதியில் மீரான் மைதீன் ராவுத்தர் கடை. கேட்டவள் வெள்ளைச் சேலைக்காரி மாயக்காள்.

"சத்தியமாப் போகாது ஆத்தா. சீமைச் சவுக்காரம்!"

"அப்ப வேணாம்."

ராவுத்தர் திகைத்தார். மலையாளத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியதை எடுத்து வைத்தார். மாயக்காள் மடியிலிருந்து ஒரு சிவப்புக் கந்தலை எடுத்து நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நுரை வெள்ளையாகவே நின்றது. அவள் முகம் வாடிவிட்டது.

"அந்த மூலையில கெடக்கே, அது?"

"அது சாக்கு துவைக்கிறது ஆத்தா. மகா மட்டம். சாயத்த உறிஞ்சிப்புடும்."

அதையும் தேய்த்தாள். நுரை மெல்ல மெல்லச் சிவந்தது. மலைக்குப் பின்னால் பொழுது விடிவதைப் பார்ப்பது போல உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதையே குடுங்க."

பக்கத்தில் உப்பு வாங்கிக்கொண்டிருந்த நாத்தனார் கஸ்தூரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"மதினி, மகன் போனதுலருந்து ஒனக்குப் புத்தி பெசகிருச்சா? சின்ன வயசுல தாலியறுத்துட்டு நிக்கிறா ஒம் மருமக. அவ கட்டுற வெள்ளைச் சீலைக்காச்சும் நல்ல சவுக்காரம் வாங்கக் கூடாதா?"

"அதுக்குத்தான் வாங்குறேன்."

"கருமி!" என்றாள் கஸ்தூரி. அன்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க அதே பேச்சுத்தான்.

மறுவாரம் முல்லையாற்றங்கரை. மலையிலிருந்து இறங்கிய மூட்டம் இன்னும் தண்ணீர்மேல் படுத்திருந்தது. குடத்தோடு வந்த கஸ்தூரி அப்படியே நின்றுவிட்டாள்.

மூட்டத்துக்குள் இளஞ்சிவப்பாக ஓர் உருவம் நடந்தது. மருமகள் சுப்புத்தாய்! இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தன் நிழலைக் குனிந்து பார்த்தாள். கனவில் யாரையோ கண்டவள்போல லேசாகச் சிரித்தாள். கரையோரப் புதரில் அவளுடைய மற்றச் சேலைகளும் அதே நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

கஸ்தூரி குடத்தைக் கரையிலேயே போட்டாள். துவைகல்லில் உட்கார்ந்திருந்த மாயக்காளிடம் ஓடினாள்.

"என்ன மதினி இது அநியாயம்?"

"எங் கலியாணச் சீலையையும் கூடவே ஊற வச்சுட்டேன். சாயம் ஒட்டிக்கிருச்சு. கட்டிக்கிற வேற சீலை ஏது அவளுக்கு?"

"ஊர்ப் பெரியாளுக கேட்டா?"

"கெழவிக்குப் புத்தி பெசகிருச்சுன்னு சொல்லு. நீதான் தெரு முழுக்கச் சொல்லிட்டியே."

"முப்பது வருசமாப் பெட்டியில பூட்டி வச்சிருந்த சீலைய மறதியாவா ஊற வச்ச?"

மாயக்காள் தன் வெள்ளை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ வயசுலதான் எனக்கும் வெள்ளை கட்டிவிட்டாக. அப்ப ஒங்க ஆத்தா எனக்குன்னு நல்ல சவுக்காரமாப் பாத்துப் பாத்து வாங்குனாக, கஸ்தூரி."